வாப்பாவின் பெட்டியில் ஒரு மடக்குக் கேமரா

 

வீட்டுப் பரணிலும் தகரப் பெட்டியிலும் உறங்கிக் கிடக்கும் பழம்பொருள்களைப் பற்றிய இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள், இம்மாதம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே எழுதுகிறோம். ஒரு சகோதரிக்கு எழுதும் மறுமொழியானாலும், அது பல குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

கடலூர் முதுநகரில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர் அச்சகோதரி. அவருடைய மறைந்த வாப்பா சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர். அவர் விட்டுச்சென்ற பெட்டியில் தோலுறையோடு ஒரு கேமரா இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் முன்மூடி விழுந்து, கறுப்புத் துருத்தியின் முனையில் லென்ஸ் வெளியே வருகிறது. பழைய இரும்பு வாங்குபவர் எடைக்குக் கேட்கிறார். விற்றுவிடலாம் என்கிறான் மகன். சகோதரி எழுதுகிறார்: "கேமராவின் முதுகில் சிவப்பு வட்டம் ஒன்று உள்ளது. அதற்குள் 7 என்ற எண் தெரிகிறது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் எங்கள் வீட்டு ஆல்பம் முழுவதும் போய்விட்டது. இதற்குள் வாப்பா இருப்பார்களா? 80 வயதைக் கடந்த உம்மாவை இதே கேமராவால் ஒரு படம் எடுக்க இயலுமா?"

கேள்விகள் இரண்டு. இரண்டுக்கும் வெவ்வேறு விடைகள். முதல் கேள்விக்கு விடை தேடும் முன் இரண்டாவதற்குப் போகக் கூடாது. காரணத்தைப் பார்ப்போம்.

பின்மூடியைத் திறக்காதீர்கள்

சிவப்பு வட்டத்தில் எண் தெரிகிறது என்றால், உள்ளே பிலிம் சுருள் இருக்கிறது என்று பொருள். பிலிமின் முதுகில் கறுப்புக் காகிதம் ஒன்று ஒட்டிச் சுற்றப்பட்டிருக்கும். அக்காகிதத்தின் வெளிப்புறத்தில் அச்சிட்ட எண்ணைத்தான் நீங்கள் காண்கிறீர்கள். 7 தெரிவதால், அதற்கு முந்தைய 6 படங்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஏழாவது எடுக்கப்பட்டதா, எடுக்கக் காத்திருந்ததா என்பதைச் சுருளைக் கழுவிப் பார்த்தே சொல்ல முடியும்.

ஒளிபட்ட பிலிமில் பதிந்த உருவம், மருந்தில் இடும் வரை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அங்கே இருக்கும். கறுப்பு வெள்ளைப் பிலிமானால், பல பத்தாண்டுகள் கழித்துக் கழுவியும் உருவங்கள் கிடைத்ததுண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் கடற்கரை ஊர்களில் பிலிம் மங்கிப் போயிருக்கும் வாய்ப்பும் மிகுதி. ஆகையால் பெரிய நம்பிக்கையும் வேண்டா; முழு அவநம்பிக்கையும் வேண்டா. ஆர்வத்தால் பின்மூடியைத் திறந்துவிட்டால் மட்டும் உள்ளே இருந்தது ஒரு நொடியில் போய்விடும். பழைய இரும்புக் கடையில் முதலில் செய்வது அதுதான். விற்பனைக்காகப் படம் பிடித்துக் காட்டுகிறவர்கள் முதலில் செய்வதும் அதுதான்.

எனவே சகோதரி செய்ய வேண்டியது இது. வெயில் படாத, மங்கிய வெளிச்சமுள்ள அறையில், மேலேயுள்ள சுற்றுக் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். 8, 9 என்று எண்கள் நகரும். கடைசி எண்ணும் கடந்து, காகிதத்தின் வால் முழுவதும் சுற்றிக்கொண்ட பிறகு குமிழ் எளிதாகச் சுழலும். இன்னும் சில சுற்றுச் சுற்றிவிட்டு, அதே மங்கிய ஒளியில் பின்மூடியைத் திறந்து, சுருள் தளர்ந்துவிடாமல் விரல்களால் இறுக்கிப் பிடித்து எடுத்து, வாலை ஒட்டி, அலுமினியத் தாளில் பொதிந்து வையுங்கள். குமிழ் கடினமாக இருந்தாலோ, இடையில் இழுத்துப் பிடித்தாலோ வலிந்து சுற்றாதீர்கள். பழைய பிலிம் முறுகி ஒட்டியிருக்கலாம், வலிந்தால் கிழியும். அந்நிலையில் கேமராவையே அப்படியே கறுப்புத் துணியில் சுற்றி, கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கையால் கழுவும் லேபுக்குக் கொடுத்து, இருட்டறையில் திறக்கச் சொல்லுங்கள்.

கொடுக்கும்போது, "பழைய ரோல், ஆண்டு தெரியாது" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காகிதத்தில் அச்சிட்டிருக்கும் பிலிமின் பெயரைக் காட்டுங்கள். அது பழைய வண்ணப் பிலிமானால், அதற்குரிய அந்நாளைய வண்ண மருந்து இன்று இல்லாதிருக்கலாம். ஆயினும் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவி உருவத்தை மட்டுமாவது மீட்கலாம். மீதமுள்ள படங்களை வீணாக்க வேண்டாமே என்று அதே சுருளில் உம்மாவை எடுத்துவிட எண்ண வேண்டா. மூப்படைந்த பிலிம் இன்றைய ஒளியைச் சரிவர ஏற்காது. அவ்வளவு பெரிய காரியத்தை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

"இதற்குள் வாப்பா இருப்பார்களா?" என்ற கேள்விக்கு ஒரு சொல். படமெடுப்பவர் பெரும்பாலும் படத்தில் இருப்பதில்லை. நம் குடும்பங்களில் கேமரா யார் கையில் இருந்ததோ அவர்தாம் ஆல்பத்தில் மிகக் குறைவாகக் காணப்படுவார். ஆகவே அந்த ஆறு படங்களில் உங்கள் வாப்பாவின் முகம் இல்லாதிருக்கலாம். ஆனால் அவர் யாரை நிற்கச் சொன்னார், எதை நோக்கி நின்றார், எந்த நேரத்தில் மனம் நெகிழ்ந்து பொத்தானை அழுத்தினார் என்பது அதில் இருக்கும். ஏதாவதொரு படத்தின் தரையில், வெயிலுக்கு முதுகு காட்டி நின்ற அவருடைய நிழலாவது விழுந்திருக்கக் கூடும்.

கடல் கடந்து வந்த பெட்டி

இத்தகைய கேமராக்கள் நம் பக்கத்துக்கு எப்படி வந்தன என்பதையும் சற்றுப் பார்ப்போம். கடலூரும் பரங்கிப்பேட்டையும் நாகப்பட்டினமும் நெடுங்காலமாகக் கடல் வாணிபம் செய்த ஊர்கள். இவ்வூர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் சென்ற சபராளிகள் திரும்பி வரும்போது கொண்டுவந்த பொருள்களுள் கைக்கடிகாரமும் கேமராவும் உண்டு. நாகப்பட்டினம் வழியாகச் சென்ற 'ரஜூலா' கப்பலைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். அதற்குப் பின் அதே வழியில் ஓடிய கப்பலின் பெயரே 'சிதம்பரம்'. 1985ஆம் ஆண்டு நேர்ந்த தீவிபத்தோடு அக்கப்பலின் பயணிகள் சேவை முடிவுற்றது.

கோட்டுப் பையில் அடங்க வேண்டும், ஆனால் பெரிய பிலிமில் பதிய வேண்டும் என்னும் இரண்டு தேவைகளும் சேர்ந்து பிறந்ததே மடக்குக் கேமரா. கோடாக், அக்ஃபா, சைஸ் ஐகான், வோய்க்லாண்டர் ஆகிய பெயர்களை லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்திலோ, மேல்தோலிலோ காணலாம். அக்ஃபாவின் ஐஸோலெட், சைஸ் ஐகானின் நெட்டார், ஐகாண்டா ஆகியவை பலரும் அறிந்த வகைகள். ஷட்டரில் காம்பூர், ப்ரோண்டார் என்னும் பெயர்கள் இருந்தால், அவை ஜெர்மனியில் செய்யப்பட்ட ஷட்டர் வகைகளின் பெயர்கள்.

உங்கள் கேமராவுக்கு எந்த அளவுப் பிலிம் தேவை என்பதை, உள்ளே கிடைக்கும் வெற்று உருளையே சொல்லும். அதைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். 1901இல் கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய 120 என்னும் அளவு இன்றும் செய்யப்படுகிறது. அதே அகலமுள்ள பிலிமையே மெல்லிய உருளையில் சுற்றியது 620 என்னும் அளவு. அதன் உற்பத்தி 1995இல் நின்றுவிட்டது. கோடாக் மடக்குக் கேமராக்கள் பல 620 வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு 120 சுருளை வாங்கி, முழு இருட்டில் 620 உருளைக்கு மாற்றிச் சுற்ற வேண்டும். அதற்குப் பழைய உருளைகள் இரண்டு கட்டாயம் வேண்டும். 116, 616 என்னும் பெரிய அளவுகள் 1984இலேயே முடிந்துபோயின.

நம் மாநிலத்திலும் பிலிம் செய்யப்பட்டது. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம்களைத் தந்தது. அத்தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இன்று 120 பிலிம் வெளிநாட்டிலிருந்தே வருகிறது, விலையும் குறைவன்று. ஆகையால் கேமராவை முழுமையாகச் சோதித்த பின்னரே சுருளுக்குப் பணம் செலவிட வேண்டும்.

ஐந்து சோதனைகள்

முதல் சோதனை துருத்தி. பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம், இருட்டறையின் சிறு துளை வழியாக நுழையும் ஒளி எதிர்ப்புறத்தில் எப்படி விழுகிறது என்பதைச் சோதித்து ஆராய்ந்தார். கிரகணத்தின்போது சூரியனின் பிறை வடிவம் துளை வழியே விழுவதைப் பற்றித் தனி நூலே எழுதினார். துளை ஒன்று இருந்தால் ஒளி தன் வேலையைச் செய்தே தீரும். உங்கள் துருத்தியில் குண்டூசி முனையளவு துளை இருந்தாலும் அதே விதிதான்: படத்தின் குறுக்கே வெள்ளைப் புள்ளியோ, கோடோ, புகைமூட்டமோ விழும். பிலிமை எடுத்த பின், இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, சிறிய டார்ச் விளக்கைத் துருத்திக்குள் வைத்து வெளியிலிருந்து பாருங்கள். மடிப்பின் மூலைகளில் விண்மீன் போல ஒளி தெரிந்தால் அதுதான் துளை. குறிப்பாக ஐஸோலெட் வகையின் துருத்தி இதற்குப் பேர் பெற்றது. ஒன்றிரண்டு துளைகளானால், வளைந்து கொடுக்கும் கறுப்புத் துணி வண்ணத்தை மெல்லிய பூச்சாகப் பூசி, விரித்தபடியே ஒரு நாள் உலரவிடலாம். பல மூலைகள் தேய்ந்திருந்தால் புதுத் துருத்தி மாற்றுவதே முறை.

இரண்டாவது சோதனை லென்ஸ். டார்ச் ஒளியைப் பின்புறமிருந்து செலுத்தி முன்புறமிருந்து பாருங்கள். சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை. பால் கலந்தது போல் இருந்தால் மூட்டம். வெளிக்கண்ணாடியில் உள்ள தூசியை ஊதும் பந்தால் ஊதி நீக்கிய பின்னரே துடைக்க வேண்டும். துப்பட்டாவின் முனையால் துடைக்கும் வழக்கம் வேண்டா. தூசியிலுள்ள மணல் கண்ணாடியைக் கீறிவிடும். பூஞ்சை உள்ளே இருந்தால் பழுது பார்ப்பவரிடம் தருக. சிறிதளவு பூஞ்சையால் படம் கெட்டுவிடாது. மூட்டம் மட்டும் வெயிலை நோக்கி எடுக்கும் படங்களை வெளுத்துவிடும்.

மூன்றாவது சோதனை ஷட்டர். பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து, ஒவ்வொரு வேகமாக அழுத்திப் பாருங்கள். இதழ்கள் முழுவதும் விரிந்து முழுவதும் மூட வேண்டும். ஒரு நொடி வேகத்தில், கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்து, திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடலாம். பழைய ஷட்டர்களில் மெதுவேகங்கள் இழுத்துக்கொண்டு போவது இயல்பு. 1/50, 1/100 சரியாக இருந்தால் பகலில் படமெடுக்கப் போதும். ஷட்டர் ஒட்டிக்கொண்டால் தேங்காய் எண்ணெயோ, தையல் எந்திர எண்ணெயோ ஒரு துளியும் விடாதீர்கள். எண்ணெய் இதழ்களுக்குப் பரவி அவற்றை முற்றிலும் ஒட்டவைத்துவிடும். அதைத் துடைத்தெடுப்பது புதிய பழுதை விடப் பெரிய வேலை. 'வி' என்ற எழுத்தருகே தானே எடுத்துக்கொள்ளும் நெம்புகோல் இருந்தால் அதைத் தொடாமல் விடுங்கள். முதியவர்களைப் போலவே, அதுவும் பாதி வழியில் நின்றுவிடும். காம்பூர் ராபிட் வகையில் மிக உயர்ந்த வேகத்தை வைப்பதானால், ஷட்டரை முறுக்குவதற்கு முன்பே வைக்க வேண்டும்.

நான்காவது, முன்தகட்டின் உறுதி. லென்ஸைத் தாங்கும் கைகள் இருபுறமும் முழுமையாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். மெல்ல அசைத்தால் ஆடக் கூடாது. ஒருபுறம் சாய்ந்திருந்தால் படத்தின் ஒரு பாதி தெளிவாகவும் மறுபாதி மங்கலாகவும் வரும்.

ஐந்தாவது, தூரக் கணக்கு. சிறு கண்ணாடித் துண்டின் ஒரு பக்கத்தில் பால்நிற ஒட்டுநாடாவை ஒட்டி, அப்பக்கம் லென்ஸை நோக்கியிருக்குமாறு, பிலிம் படியும் தண்டவாளங்களின் மேல் வையுங்கள். ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, தூரத்தை முடிவிலிக் குறியில் வைத்து, மிகத் தொலைவிலுள்ள ஒரு பொருளை நோக்குங்கள். தலைகீழாக விழும் உருவத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கூர்மையாக இருந்தால் அளவு சரி. முன்கண்ணாடி சுழலாமல் இறுகியிருந்தால், பழைய மசகு கெட்டிப்பட்டுவிட்டது என்று பொருள். குறடு கொண்டு திருகாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

திற, சுற்று, எடு, மூடு

மடக்குக் கேமராவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முன்மூடியை ஒரு கையால் தாங்கியபடியே மெல்லத் திறக்க வேண்டும். படாரென்று திறந்தால் துருத்தி விரியும் வேகத்தில் காற்று இழுக்கப்பட்டு, பிலிம் தன் தளத்தைவிட்டு முன்னே பிதுங்கும். அதனால்தான் திறந்த பிறகு பிலிமைச் சுற்ற வேண்டும். அப்போது அது மீண்டும் இறுகிப் படியும். சுற்றினால் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மூடிவிட வேண்டும். மூடும்போது, தாங்கும் கைகளின் பூட்டை விடுவித்த பின்னரே மடக்க வேண்டும். இந்த நான்கு சொற்களையும் வரிசையாகச் சொல்லிப் பழகினால், ஒரே படத்தின் மேல் இன்னொரு படம் விழாது.

சிவப்புச் சாளரத்தின் மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, சுற்றும்போது மட்டும் நிழலில் நின்று நீக்கிப் பாருங்கள். அக்காலத்துப் பிலிம்கள் பல சிவப்பொளியை உணராதவை; அதனால் அச்சாளரம் போதுமானதாக இருந்தது. இன்றைய பிலிம் சிவப்பையும் உணரும்.

ஒளிமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டா. 100 அல்லது 125 வேகமுள்ள பிலிமை இட்டு, ஷட்டரை 1/100இல் வைத்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சின் வெண்மணலில் உச்சி வெயிலானால் துவாரம் 22, ஊருக்குள் நல்ல வெயிலானால் 16, மென்மேகம் 11, நிழலே விழாத மேகமூட்டம் 8, திண்ணை நிழல் 5.6. வீட்டு முற்றத்துக்கு 400 வேகமுள்ள பிலிம் வசதியாக இருக்கும். ஆனால் அதைக் கடற்கரை வெயிலுக்குக் கொண்டு போனால், பழைய ஷட்டரின் மிகையான வேகமும் சிறிய துவாரமும் கூட ஒளியை அடக்கப் போதா.

தூரத்தை மனத்தால் ஊகிப்பதைவிட முழத்தால் அளப்பது நல்லது. ஒரு முழம் ஏறத்தாழ ஒன்றரை அடி. அமர்ந்திருப்பவரை இடுப்பு வரை எடுக்க ஆறடி, அதாவது நான்கு முழம். கேமராவில் மீட்டர் அளவு இருந்தால் அது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அண்மையில் எடுக்கும்போது துவாரத்தை 8க்குக் குறையாத எண்ணில் வைத்தால், சிறு பிழையைக் கேமரா பொறுத்துக்கொள்ளும்.

முதல் சுருள் உம்மாவுக்கு அன்று

6க்கு 6 சென்டிமீட்டர் அளவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள். 6க்கு 9 அளவில் 8 படங்கள். முதல் சுருளை முழுவதும் சோதனைக்கே ஒதுக்குங்கள். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இடம், தூரம், துவாரம், வேகம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். சிதம்பரத்தில் இருப்பவர்களுக்குச் சோதனைக் களத்துக்குப் பஞ்சமில்லை. கீழ வீதியில் நின்று கோபுரத்தை எடுத்தால் மேலும் கீழும் ஓரங்களும் ஒன்றுபோலத் தெளிகின்றனவா என்பது விளங்கும். கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல், பின்னால் நகர்ந்து எடுக்க வேண்டும். சாய்த்தால் கோபுரம் பின்னே விழுவது போல் வரும். 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மரநிழல் சாலைகள் நிழலைச் சோதிக்க உதவும். கடலூர்க் கடற்கரையில் தொடுவானம் முடிவிலித் தூரத்துக்கு நல்ல சாட்சி. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுப் படகுக்கு முதல் சுருளோடு போகாதீர்கள். அங்கே ஒளி ஏமாற்றும், ஈரமும் மிகுதி.

கழுவுவதைப் பற்றியும் ஒரு சொல். வீட்டிலேயே கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவ விரும்பும் இளைஞர்கள், மருந்துக்குப் பொதுவாகக் குறிப்பிடப்படும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் என்பதை மறக்கக் கூடாது. கோடையில் நம் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தொடும். மருந்துப் புட்டியைப் பனிக்கட்டி நீரில் நிறுத்திக் குளிர்வித்து, வெப்பமானியால் பார்த்த பின்னரே ஊற்ற வேண்டும். இடையிடையே அலசும் நீரும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். கடைசி அலசலுக்கு வாலைவடி நீரைப் பயன்படுத்தினால் உப்புக் கறை படியாது.

வீட்டுப் பெண்களின் படங்கள் வெளியார் கைக்குப் போவதைப் பற்றிப் பல தாய்மார்கள் தயங்குவது நமக்குத் தெரியும். வீட்டிலேயே கழுவினால் நெகட்டிவ் வீட்டை விட்டுப் போவதேயில்லை. லேபில் கொடுத்தால் நெகட்டிவைத் திரும்பப் பெறுவதோடு, அவர்கள் கணினியில் எடுத்த பிரதியை அழித்துவிடுமாறும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பிலிம் வாங்கி வரச் சொல்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு: விமான நிலையத்தில் பிலிமைக் கையால் சோதிக்கும்படி கேளுங்கள். புதிய வகை ஊடுகதிர்க் கருவிகள் கழுவாத பிலிமைக் கெடுத்துவிடும்.

தண்ணீர் காத்திருப்பதில்லை

இவ்வளவு தொல்லை எதற்கு, கைப்பேசியில் ஒரு நொடியில் எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எடுங்கள், உம்மாவை இன்றே கைப்பேசியில் எடுத்துவிடுங்கள். கேமராவைப் பழுது பார்க்கும் வரை எந்தப் பெரியவரின் படத்தையும் தள்ளிப்போடாதீர்கள். பழைய கேமரா அதற்கு மாற்று அன்று. அதற்கு மேல் ஒன்று. கைப்பேசி தொலைந்தால் ஆயிரம் படங்களும் ஒன்றாய்த் தொலையும். நெகட்டிவ் என்பது கையால் பிடிக்கக் கூடிய பொருள். சாவிச்சொல் தெரியாத பேரப்பிள்ளையும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியும்.

ஆனால் பொருளும் அழியும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 பெருவெள்ளம் என்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று முறை கடலூர் மாவட்டத்து வீடுகளுக்குள் நீரும் காற்றும் புகுந்தன. போனவற்றில் திருமணப் படங்களும், மறைந்தோரின் ஒரே படங்களும் உண்டு. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்கள் இவ்வாறு அழிவதைக் கண்டே, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அவற்றைத் தேடி மின்னணுப் பிரதி எடுத்தது. ஸ்டூடியோப் படங்களுக்கே அந்நிலை என்றால், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் நெகட்டிவ்களைத் தேடி யார் வருவார்?

சகோதரி நனைந்த ஆல்பத்தை இன்னும் எறியாமல் வைத்திருந்தால், ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்காமல் அவ்வாறே வைத்திருங்கள். காய்ந்து ஒட்டிய நிலையிலேயே மேல்படத்தை முதலில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். இனி ஒருமுறை படங்கள் நனைந்தால், காய்வதற்கு முன்பே தூய குளிர்நீரில் ஊறவைத்து, தானாகப் பிரிய விட்டு, முகம் மேலாக நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

கேமராவையும் காக்க வேண்டும். தோலுறையில் பூஞ்சை விரைவில் பிடிக்கும்; உறையைத் தனியே வைத்துவிட்டு, கேமராவைக் காற்றுப்புகா டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு வையுங்கள். துருத்தியை மடித்து, ஷட்டரை முறுக்காமல் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்து, விரித்து, ஒவ்வொரு வேகத்திலும் சிலமுறை அழுத்திவிட்டு மடித்து வையுங்கள்.

சகோதரியே, வரிசை இதுதான்: முதலில் வாப்பாவின் சுருளைக் காப்பாற்றுங்கள். பின்பு கேமராவைச் சோதியுங்கள். ஒரு சுருளைச் சோதனைக்குச் செலவிடுங்கள். இரண்டாவது சுருளில், காலை ஒன்பது மணியளவில், வாசலின் நிழலில் உம்மாவை நாற்காலியில் அமர்த்தி, நான்கு முழம் தள்ளி நின்று எடுங்கள். ஒரே படத்தோடு நிறுத்தாமல் மூன்று படங்களாவது எடுங்கள். அவற்றுள் ஒன்றை மகன் எடுக்கட்டும். அதில் நீங்கள் உம்மாவின் அருகில் இருக்க வேண்டும். பிரிண்ட் வந்ததும் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரையும், ஊரையும், தேதியையும் எழுதிவிடுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறையில் அந்நியர் படமாகிவிடும்.

சுருளைக் கழுவியதில் என்ன கிடைத்தது என்பதை எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.